ஜெயிலுக்குப் போடும் கடிதம் உள்ளே போய்ச் சேருமா?

கேள்வி, மார்ச் 2

சித்தப்பா மகன் ஒன்றரை மாதமாக விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறான். மூன்று கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. "அதெல்லாம் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள், எதற்கு வீணாக எழுதுகிறாய்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

கிழிப்பதில்லை. கிழிக்க வேண்டுமென்றாலும் முதலில் யாராவது அதைக் கையில் எடுக்க வேண்டுமே. உங்கள் கடிதங்கள் அநேகமாக ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டில் கிடக்கின்றன.

என் தம்பி இரண்டு வருடம் நான்கு மாதம் உள்ளே இருந்தான். எந்த வழக்கு, எந்த ஜெயில் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவனுக்கு நான் எழுதியது 58 கடிதம். கணக்கு இவ்வளவு துல்லியமாக ஏன் தெரியும் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இப்போதைக்கு ஒரே கேள்வி. உறையின் மேல் அவனுடைய கைதி எண் எழுதினீர்களா?

மார்ச் 3

எழுதவில்லை என்கிறீர்கள். சரி, பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

வெளியே நமக்குப் பெயர்தான் எல்லாம். உள்ளே பெயர் என்பது எண்ணுக்குப் பக்கத்தில் எழுதும் குறிப்பு மட்டும். என் முதல் கடிதத்தில், வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே ஜெயில் பெயரைப் போட்டு அனுப்பினேன். வழக்குப் பதிவில் அவன் பெயர் வேறு. அந்தப் பதிவுப் பெயரிலேயே அங்கே இன்னும் மூன்று பேர் இருந்தார்களாம். கடிதம் ஐந்து வாரம் கழித்து அவன் கைக்குப் போனது. அதுவும், கடிதம் பிரிக்கும் இடத்தில் வேலை செய்த இன்னொரு கைதி, "யாருக்காவது இப்படி ஒரு செல்லப் பெயர் உண்டா?" என்று பிளாக் பிளாக்காகக் கேட்டுக்கொண்டு போனதால். அன்றைக்கு முழுக்கத் தம்பியை எல்லோரும் அந்தப் பெயரால் கூப்பிட்டுக் கிண்டல் செய்திருக்கிறார்கள். இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

ஆகவே: பதிவில் உள்ளபடி முழுப் பெயர், கைதி எண், தெரிந்தால் பிளாக் எண். பின்புறம் உங்கள் பெயரும் முகவரியும். அனுப்புநர் இல்லாத உறையைப் பல ஜெயில்களில் உள்ளே விடுவதே இல்லை.

எண் தெரியாவிட்டால் வக்கீலிடம் கேளுங்கள். பார்க்கப் போகும்போது கொடுக்கும் சீட்டிலும் இருக்கும்.

மார்ச் 3, மறுபடியும்

ஒன்று விட்டுவிட்டேன். விசாரணைக் கைதிக்கு ஓர் எண், தண்டனை ஆனபின் வேறு எண் என்று மாற்றும் இடங்கள் உண்டு. தம்பிக்கு மாறியது. பழைய எண்ணில் நான் போட்ட இரண்டு கடிதங்கள் பழைய பிளாக்குக்குப் போய், அங்கே ஒரு ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தன.

மார்ச் 5

"உள்ளே போனதும் கடிதத்தை என்னதான் செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி சொன்னதையும், வாசலில் காத்திருந்த நாட்களில் நானே பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தபால் பை வாசலோடு நின்றுவிடும். உறைகளை எண்ணி, பிளாக் வாரியாகப் பிரிப்பார்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஓரத்தில் வெட்டி, உள்ளே காகிதத்தைத் தவிர ஏதாவது இருக்கிறதா என்று உதறிப் பார்ப்பார்கள். அடுத்தது படிப்பது. சில நாடுகளில் எல்லாவற்றையும் படிப்பார்கள். சில இடங்களில் பத்தில் ஒன்றை எடுத்துப் பார்ப்பதோடு சரி. படித்தவர் ஒரு முத்திரையோ சுருக்கொப்பமோ போட்டபின் கட்டு பிளாக்குக்குப் போகும். வார்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

இதில் கெட்ட எண்ணம் எங்கேயும் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் இருப்பவருக்கு இது இரண்டாவது வேலை. முதல் வேலை கைதிகளைக் கோர்ட்டுக்கு அனுப்புவது, பார்க்க வருபவர்களைக் கவனிப்பது, தலை எண்ணுவது. அன்றைக்கு ஒரு தலை குறைந்துவிட்டால் தபால் கட்டு அப்படியே நிற்கும். படிக்கிறவர் லீவில் போனாலும் நிற்கும். அவருக்குத் தெரியாத மொழியில் எழுதினால் தெரிந்த ஆள் கிடைக்கும்வரை நிற்கும்.

கையெழுத்து புரியாவிட்டாலும் நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாலாவது மாதம் தம்பி எழுதினான்: "அக்கா, உன் கடிதத்தைப் படிக்கிற ஐயா கூப்பிட்டுச் சொன்னார். உங்க அக்காவைக் கொஞ்சம் பெரிசா, இடைவெளி விட்டு எழுதச் சொல்லுப்பா, கண்ணு வலிக்குது என்றார்." அதுவரை அந்த மனிதரை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! என் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், பள்ளிக்கூடத்திலேயே மார்க் குறைத்திருக்கிறார்கள். அதற்கடுத்த கடிதத்திலிருந்து கோடு போட்ட தாளில், ஒரு வரி விட்டு ஒரு வரி. இருபது நாளில் போனது எட்டு, ஒன்பது நாளில் போக ஆரம்பித்தது.

மார்ச் 6

படிப்பார்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. வழக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். யார் என்ன சொன்னார்கள், சாட்சி யார், அன்றைக்கு என்ன நடந்தது, எதுவும் வேண்டாம். கடிதத்தை நகல் எடுத்து வைக்கலாம், கோர்ட்டில் காட்டவும் செய்யலாம். "நீ ஒன்றும் செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரியும், அந்த வண்டியை நீ எடுத்தது வேறு காரியத்துக்கு" என்று பாசமாக எழுதினாலும், வண்டியை எடுத்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

அதெல்லாம் வக்கீல் வழியாக. வக்கீல் கடிதத்துக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. பல நாடுகளில் அதைக் கைதியின் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும். உள்ளே கடத்தல் பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாம், படிக்கக் கூடாது. இதுவும் சும்மா வந்ததில்லை. பிரிட்டனில் கோல்டர் என்று ஒரு கைதி, தன் மேல் பொய்க் குற்றம் சொன்ன காவலர் மீது அவதூறு வழக்குப் போட வக்கீலைக் கலந்து பேச அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 1975இல் அவர் பக்கம் தீர்ப்பானது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1974இல் இரண்டு வழக்குகளில் கைதிகளின் தபாலைத் தொட்டுப் பேசியது. ஒன்றில், சென்சார் செய்வதற்கு உருப்படியான காரணம் வேண்டும், குறை சொல்லி எழுதியிருக்கிறார் என்பதற்காக நிறுத்தி வைக்க முடியாது என்றது. இன்னொன்றில், வக்கீல் கடிதத்தைக் கைதி முன்னிலையில் பிரிப்பதில் தப்பில்லை என்றது.

மார்ச் 9

எண் போட்டு இரண்டு கடிதம் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். நல்லது. இப்போது 58 கணக்கு.

ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் தேதியோடு ஒரு வரிசை எண் போடுங்கள். "கடிதம் 14. உன் 9 கிடைத்தது." இவ்வளவுதான். அவனும் அதே மாதிரி. இது இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரே வாரத்தில் மூன்று கடிதம் தலைகீழ் வரிசையில் போகும். "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்பது முதலில் போய், "அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது" என்பது பத்து நாள் கழித்துப் போகும். தம்பிக்கு அப்படித்தான் ஆனது. இன்னொரு ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லையாம்.

எண் போட்டால் எது வரவில்லை என்பது அவனுக்கே தெரியும். நாமும் "காணோம், காணோம்" என்று பொதுவாகப் புலம்பாமல் இன்ன எண் என்று கேட்கலாம். எனக்கு ஏழாம் எண் தொலைந்தது. 6 கிடைத்தது, 8 கிடைத்தது, 7 இல்லை. விடவில்லை நான். மனு எழுதிக் கொடுத்தேன், ஞாபகப்படுத்தி இன்னொன்றும் கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு வரி பதில்: அப்படி ஒரு கடிதம் வந்ததாகப் பதிவு இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மார்ச் 9, பத்து நிமிடம் கழித்து

கொஞ்சம் பொறுங்கள். அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மார்ச் 10

பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அனுப்பியதையெல்லாம் குறித்து வைத்த நோட்டில் 6க்கு அடுத்த வரி 8. ஆறு அனுப்பிய தேதிக்கும் எட்டு அனுப்பிய தேதிக்கும் நடுவில் நாலே நாள். நான் ஏழு என்று ஒன்றை எழுதவே இல்லை, எண்ணைத் தாண்டியிருக்கிறேன். இத்தனை வருடமாக இந்த நோட்டைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

பதிவு இல்லை என்றார்களே, அந்த அலுவலகம் எனக்குச் சொன்ன பதில்களிலேயே முழுக்கச் சரியானது அதுதான்.

மேலே சொன்ன 58ஐ 57 என்று படித்துக்கொள்ளுங்கள். கடைசி எண் 58, கடிதம் 57.

மார்ச் 12

உறைக்குள் எதை வைக்கக் கூடாது என்று கேட்டவருக்கு: கடிதத்தைத் தவிர எதையும் வைக்காமல் இருப்பது உத்தமம். ஸ்டிக்கர், ஜிகினா, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, சென்ட் தெளித்த தாள், ஸ்டேப்ளர் பின், கிளிப், பஞ்சு வைத்த உறை எதுவும் ஆகாது. ஒட்டிய இடத்துக்கு அடியில் எதையாவது மறைக்கலாம் என்பதுதான் காரணம். உடனே படம் கக்கும் போலராய்டு போட்டோவுக்கும் பல ஜெயில்களில் தடை. அந்த அட்டை பல அடுக்காக இருப்பதால் பிரித்து உள்ளே வைத்து ஒட்ட முடியும். சாதாரண போட்டோ பெரும்பாலும் போகும். பின்பக்கம் அவன் பெயரும் எண்ணும் எழுதுங்கள், உறையிலிருந்து பிரிந்தாலும் வந்து சேரும்.

பதில் எழுத ஸ்டாம்ப் வைத்து அனுப்பலாம் என்று தோன்றும். முதலில் விசாரியுங்கள். அமெரிக்க ஜெயில்களில் தபால்தலை காசு மாதிரி கைமாறியிருக்கிறது, அதனால் நிறைய இடங்களில் வெளியிலிருந்து வரும் ஸ்டாம்பை எடுத்துவிடுவார்கள்.

புத்தகம் தனிக் கதை. வீட்டிலிருந்து அனுப்பினால் திருப்பிவிடுவார்கள், கடையிலிருந்தோ பதிப்பகத்திலிருந்தோ நேராக வந்தால் விடுவார்கள் என்ற விதி நிறைய இடங்களில் உண்டு. கெட்டி அட்டை என்றால் இன்னும் சந்தேகப்படுவார்கள், அட்டைக்குள் இடம் இருக்கிறதல்லவா.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. மாமாவுக்கு யானை வரைந்து, அதன் மேல் பளபள நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். எனக்குத் தெரியாமல் உறைக்குள் வைத்தும் விட்டாள். ஸ்டிக்கர் இருந்த இடங்களை யாரோ பொறுமையாகக் கத்தரியால் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கிறார்கள். தணிக்கை முத்திரை நேராக யானையின் வயிற்றில். அதை அவன் வெளியே வரும்போது கொண்டுவந்தான். ஐந்து ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் நட்சத்திரம் மாதிரியே தெரியும் என்பான். மொத்தத் தாளையும் தூக்கிப் போட்டிருக்கலாம், போடவில்லை.

மார்ச் 13

ஓட்டை என்றதும் ஞாபகம் வந்தது, விஷயம் கொஞ்சம் விலகும். ராபன் தீவில் நெல்சன் மண்டேலாவுக்கு ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்தான் அனுமதி, அதுவும் 500 வார்த்தைக்குள். வரும் கடிதத்தில் பிடிக்காத வரிகளின் மேல் முதலில் மையைப் பூசியிருக்கிறார்கள். மையைக் கழுவிவிட்டால் அடியில் இருப்பதைப் படிக்கலாம் என்று கைதிகள் கண்டுபிடித்ததும், பிளேடால் பத்தி பத்தியாக வெட்ட ஆரம்பித்தார்கள். தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருப்பார்களே! இந்தப் பக்கம் ஒரு பத்தி போனால் அந்தப் பக்கம் ஒரு குற்றமும் செய்யாத பத்தியும் போய்விடும். கைக்கு வந்தது கந்தல். அவர் எழுதி அனுப்பியவற்றிலும் பல போய்ச் சேரவில்லை. அதனால் தான் எழுதும் கடிதங்களை ஒரு நோட்டில் பிரதி எடுத்து வைத்தார்.

நான் இதைப் படித்த நாளிலிருந்து ஒரு பக்கம் மட்டும் எழுதினேன். எங்கள் கதையில் யாரும் பிளேடு எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற கைதிகள் விதிகளுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 122 விதிகள். குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடிதம் வழியாகத் தொடர்புகொள்ள அனுமதிக்க வேண்டும் என்கிறது 58ஆம் விதி. (ஆமாம், 58. சிரித்துக்கொள்ளுங்கள்.) கண்காணிப்புக்கு உட்பட்டு என்றும் அதிலேயே இருக்கிறது. வேறு ஜெயிலுக்கு மாற்றினால் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கக் கைதிக்கு உரிமை உண்டு என்று இன்னொரு விதி சொல்கிறது. என் அனுபவத்தில் மாற்றல் செய்தி எங்களுக்கு எப்படி வந்தது என்றால், 31ஆம் கடிதம் "இங்கே இல்லை" என்று எழுதித் திரும்பி வந்தது.

போர்க் கைதிகளுக்கு இதைவிடத் திட்டவட்டமான கணக்கு இருக்கிறது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி, கட்டுப்பாடு வைத்தாலும் மாதம் இரண்டு கடிதம், நான்கு அட்டைக்குக் குறையக் கூடாது. தபால் கட்டணமும் கிடையாது. இதை எழுதியபோது தம்பி போட்ட பதில்: "அப்படியானால் யாரோடாவது ஒரு யுத்தத்துக்கு ஏற்பாடு செய்."

மார்ச் 17

மேலே ஒரு இடத்தில் என் பேச்சில் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: நாம் தொட்ட தாளை அவன் தொடுவான் என்பது. எல்லா இடத்திலும் இனி அப்படி இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலச் சிறைகள் 2018 செப்டம்பரில் குடும்பத் தபாலை நேராக வாங்குவதை நிறுத்திவிட்டன. கடிதம் ஃபுளோரிடாவில் ஒரு தனியார் கம்பெனிக்குப் போகும். அங்கே ஸ்கேன் செய்து அனுப்பி, கைதிக்கு நகல் கொடுப்பார்கள். அசல் பின்னால் அழிக்கப்படும். போதை மருந்தில் தாளை நனைத்துக் காயவைத்து அனுப்புகிறார்கள், அதனால் ஊழியர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது என்று காரணம் சொன்னார்கள். வேறு மாநிலங்களும் அதே வழியில் போயின.

தாளில் போதை வருவது கட்டுக்கதை இல்லை, உண்மையாகவே நடப்பதுதான். ஆனாலும் எனக்கு இது உறுத்துகிறது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், கடைசியில் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி ஓரத்தில் ரேகை வைப்பாள். சட்டத்துக்கு அது தேவையில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தம்பி முதலில் அதைத்தான் பார்ப்பானாம். ஸ்கேன் செய்தாலும் ரேகை தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். தெரியும். ஆனால் அவள் அழுத்தி வைத்ததில் தாள் கொஞ்சம் குழிந்திருக்கும், மை பின்பக்கம் கசிந்திருக்கும். அது நகலில் வராது.

மார்ச் 18

நேற்று ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டேன். ஸ்கேன் வழியில், இல்லாவிட்டால் ஜெயில் வழியாகப் போகும் மின்னஞ்சலில், ஒரே நாளில் கிடைத்துவிடும் என்றால் எத்தனை பேர் வேண்டாம் என்பார்கள்? அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரத்தில் எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் ரேகையாவது குழியாவது, முதல் ஆளாகப் போய் நின்றிருப்பேன். இரண்டு வழியும் இருந்து நாம் தேர்ந்தெடுக்கலாம் என்றால் சண்டையே இல்லை.

மார்ச் 20

"என்னதான் எழுதுவது, விஷயமே இல்லையே" என்கிறீர்கள். விஷயம் இல்லாததைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். முதல் ஆறு கடிதங்களில் நான் தைரியம் சொன்னேன். மனம் தளராதே, எல்லாம் சரியாகும், இந்த மாதிரி. தம்பி நாகரிகமாகவே எழுதினான்: "தைரியம் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் மாடிப்படி பல்பு மாற்றியாயிற்றா?" அதற்குப் பிறகு பல்பு, குழாய் ஒழுகல், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, யார் யாரோடு பேசுவதில்லை என்று எழுதினேன். குட்டிகளுக்குப் பெயர் அவன் வைத்தான். பெயர் வந்து சேர்வதற்குள் இரண்டைக் கொடுத்துவிட்டார்கள். அதையும் எழுதினேன்.

கேள்வி கேட்டால் பதில் வர ஒரு மாதம் ஆகும் என்பதை மறக்காதீர்கள். "இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதில் பயனில்லை. "அந்தக் குழாயை நீ எப்படிச் சரிசெய்தாய்?" என்று கேளுங்கள். அந்தப் பதில் பழசாகாது.

மார்ச் 29

பதில் வந்துவிட்டதா! நாலாவதும் ஐந்தாவதும் கிடைத்தன என்று எழுதியிருக்கிறான், முதல் மூன்றைப் பற்றிப் பேச்சில்லை. எங்காவது ஒரு ஜன்னல் திட்டில் இருக்கும், என்றாவது கொத்தாகப் போகும். அவனுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள், பழைய சேதியைப் புதிது என்று நினைத்துக் குழம்பிப்போவான். நாலிலிருந்து ஆரம்பித்தாலும் வரிசை எண் போடுங்கள். ஏழை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 29, இரவு

58ஆம் கடிதத்தின் கதையைக் கேட்டதால் சொல்கிறேன். அதைத் தபாலில் போட்ட நாலாம் நாள் தம்பி வெளியே வந்துவிட்டான். கடிதம் அவனைத் தேடி உள்ளே போய், பிரிக்கப்பட்டு, முத்திரை வாங்கி, "விடுதலை ஆகிவிட்டார்" என்று சிவப்பு மையில் எழுதி, ஒரு மாதம் கழித்து வீட்டுக்குத் திரும்பி வந்தது. தபால்காரரிடம் வாங்கியதே அவன்தான். உறை ஏற்கெனவே வெட்டியிருந்தது, ஆனாலும் வாசலில் நின்று பிரிக்கவில்லை. உள் அறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தான்.

அதில் நான் மாடிப்படி பல்பு மறுபடியும் போய்விட்டது என்று எழுதியிருந்தேன். சாயங்காலம் பார்த்தால் பல்பு எரிகிறது. கடிதத்துக்குத்தான் இன்னும் பதில் போடவில்லை.